மையஸ்தீனியாவும் மழைக்கால மாத்திரைகளும்

நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசை எளிதில் சோர்ந்துவிடும் நோய் மையஸ்தீனியா கிராவிஸ். அது உள்ளவர்கள் தொடவே கூடாத மருந்துகள் என்று ஒரு நீளமான பட்டியல் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பலர் அதை பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டு, பர்சில் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் சரியான பெயர்கள்தான். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பட்டியல் கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல், முழுக்க மருந்தின் மூலப்பெயரில் பேசுகிறது. தாராவி 90 அடி சாலையில் இருக்கும் மெடிக்கலில் யாரும் மூலப்பெயரில் மருந்து கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. இன்னொரு குறை, அதில் எல்லாப் பெயருக்கும் ஒரே எடை. டெலித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கை மையஸ்தீனியா உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் சொல்லிவிட்டது. கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரையோ, கவனித்துக்கொண்டே நிறையப் பேர் சாப்பிடக்கூடியது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். விளைவு, ஒருவர் பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டே ஆபத்தான மாத்திரையை விழுங்குகிறார். இன்னொருவர் அதே பட்டியலைக் காட்டி, தனக்கு அவசரமாகத் தேவைப்படும் மருந்தை வேண்டாம் என்கிறார்.

இந்த மருந்துகள் ஏன் தொல்லை செய்கின்றன என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவந்து, தசையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை இயங்கும். ஆரோக்கியமான உடலில் இந்த இடத்தில் தேவைக்கு மேல் ஏகப்பட்ட உபரி உண்டு. மையஸ்தீனியாவில் அந்த உபரி கரைந்துபோயிருக்கிறது. மாதக் கடைசியில் கையில் காசில்லாத குடும்பத்துக்கு ஐம்பது ரூபாய்ச் செலவும் கடனில் கொண்டுபோய் விடுவது மாதிரிதான் இது. ஜெண்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் நரம்பு வழி ஏற்றும் மக்னீசியமும் அசிட்டைல்கோலின் வெளிவருவதையே குறைக்கின்றன. வேறு சில மருந்துகள் ஏற்பியின் பக்கம் தடை போடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் ஆகாத அதே மாத்திரை, இவருக்கு ஒரே நாளில் இமையைத் தொங்கவிட்டு, பேச்சைக் குழறவைத்து, சில சமயம் மூச்சிலும் கை வைத்துவிடும்.

அட்டையின் பின்பக்கம்

ஜிஃபி 200 என்று ஒரு மாத்திரை. உள்ளே இருப்பது செஃபிக்சிம். செஃபலோஸ்போரின் வகை, மையஸ்தீனியா உள்ளவர்கள் பொதுவாகப் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக். அதே கம்பெனியின் ஜிஃபி-ஓ, செஃபிக்சிமோடு ஆஃப்லாக்சசின் சேர்ந்தது. ஆஃப்லாக்சசின் ஃப்ளோரோகுயினலோன் வகை. இந்த வகை மையஸ்தீனியாவில் தசைப் பலவீனத்தைக் கூட்டும் என்று 2011-இலேயே அமெரிக்காவில் இதன் உறைகளில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை ஏறிவிட்டது. மஹாசெஃப், மஹாசெஃப் பிளஸ் ஜோடியிலும் இதே கதைதான். 'பிளஸ்' என்பது ஆஃப்லாக்சசின். கடையில் "ஜிஃபி ஹை க்யா?" என்று கேட்டால், ஸ்டாக் இல்லாத நாளில் "ஜிஃபி-ஓ லே லோ ஆன்ட்டி, ஏக் ஹீ பாத் ஹை" (ஜிஃபி-ஓ எடுத்துக்கோங்க, ரெண்டும் ஒண்ணுதான்) என்று பதில் வரலாம். மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒரே பாத்தாக இருக்கலாம். மையஸ்தீனியா உள்ளவருக்குக் கிடையாது.

அதனால் பார்க்க வேண்டியது அட்டையின் பின்பக்கம். 'ஒவ்வொரு மாத்திரையிலும்' என்று தொடங்கும் பொடி எழுத்தை முழுதாக, கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். முதல் பெயரைப் பார்த்து நிம்மதியாகி நிறுத்திவிடக் கூடாது. கூட்டு மருந்துகளில் வில்லன் இரண்டாவது வரியிலும் இருக்கலாம். ஃப்ளாக்சசின் என்று முடிந்தால் வாங்க வேண்டாம். அஸித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்றால் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இன்னொரு நடைமுறைச் சிக்கல், கடைக்காரர் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது சில நேரம் பெயர் இருக்கும் பகுதி அவர் கையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் வெட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இஸ் மே சால்ட் கௌன்ஸா ஹை?" (இதுக்குள்ள இருக்கிற மருந்து எது?)

ஆன்டிபயாடிக் மட்டுமில்லை. படபடப்பு, கைநடுக்கம், ஒற்றைத் தலைவலி என்று போனால் எழுதித்தரும் சிப்லார், புரோப்ரனலால். பெயரில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் சிப்லாக்ஸ், சிப்ரோஃப்ளாக்சசின். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத மருந்துகள், ஆனால் மையஸ்தீனியாவில் இரண்டுமே பிரச்சினை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது கண்ணிலிருந்து மூக்குக்கு வடிந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதுவும் புரோப்ரனலால் வகைதான். சுருக்கம் போக போடோக்ஸ் ஊசி பற்றிச் சொல்லவே வேண்டாம், நரம்பு முனையை அடைப்பதுதான் அதன் வேலையே. டோனிக் வாட்டரில் இருக்கும் குயினைனைப் பற்றி எந்த பாரிலும் யாரும் எச்சரிக்கப்போவதில்லை, அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வயிற்றுப்போக்கு என்னும் பொறி

என்னைக் கேட்டால், மும்பையில் மையஸ்தீனியாக்காரருக்கு மிகச் சாதாரணமாக நேரக்கூடிய மருந்து விபத்து ஐசியூவிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ தொடங்குவதில்லை. அது லூஸ் மோஷனில் தொடங்குகிறது. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கிராவிட்டர், டிஸ்டினான் என்ற பெயர்களில் வரும் பைரிடோஸ்டிக்மின் வேலை செய்யும் விதம் இது: அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுத்து, இருக்கிற அசிட்டைல்கோலினை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது. சாப்பிட்ட அரை மணியில் வேலை தொடங்கும், மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். தசையில் நடக்கும் அதே வேலை குடலிலும் நடக்கிறது. குடல் வேகமாகப் பிசையும். வயிற்றைப் பிடித்து இழுக்கும், தண்ணியாகப் போகும், வாயில் எச்சில் ஊறும், வியர்க்கும், இமையோ கன்னமோ துடிக்கும். இந்த நோயை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களில் மஸ்க் என்ற வகை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லைகள் அதிகம், பலன் குறைவு. டோஸ் கூட்டிய வாரத்திலும், வெறும் வயிற்றில் போட்ட நாளிலும் இது தலைகாட்டலாம்.

இப்போது இப்படி வயிறு போகும் ஒருவர் தெருமுனை டிஸ்பென்சரிக்குப் போகிறார். "எத்தன தடவ போச்சு?" "காலைலேருந்து அஞ்சாறு தடவ டாக்டர்." மழைக்காலம், தண்ணீர் சரியில்லை, தெருவில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. டாக்டர் யோசிக்காமல் எழுதுவது ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. சில நேரம் சீட்டே இல்லாமல் மெடிக்கலிலேயே கிடைத்துவிடுகிறது. ஆர்னிடசோலால் இங்கே பெரிய தொல்லை இல்லை, ஆஃப்லாக்சசின்தான் ஆள். இரண்டு மூன்று டோஸ் போனதும் சோர்வு கூடுகிறது, சோறு மெல்லும்போது தாடை ஓய்ந்துபோகிறது. நோய் ஏறிவிட்டது என்று நினைத்து அவரே ஒரு கிராவிட்டர் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார். வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகிறது. அதோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. மையஸ்தீனியாவுக்காக ஸ்டீராய்டும் சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே அது குறைந்திருக்கலாம். பொட்டாசியம் குறைந்தால் மையஸ்தீனியா இல்லாதவருக்கே தசை சோரும். ஆக, பக்க விளைவுக்கு ஒரு மருந்து, அந்த மருந்தால் வந்த பலவீனத்துக்கு முதல் மருந்தே இன்னும் கொஞ்சம் என்று இரண்டே நாளில் சுற்றிவந்து நிற்கிறார். அந்த இரண்டு நாளில் யார் செய்ததும் பார்ப்பதற்குத் தவறாகத் தெரியாது. அதுதான் இதில் எனக்கு மிகவும் பயமான விஷயம்.

இந்தச் சுற்றை முதல் படியிலேயே அறுக்கலாம். மாத்திரை போட்ட ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் பிடித்து இழுத்து, பிறகு அடுத்த மாத்திரை வரை அடங்கியிருந்தால், கூடவே எச்சிலும் துடிப்பும் இருந்தால், அது பெரும்பாலும் பைரிடோஸ்டிக்மின் வேலை. காய்ச்சல், மலத்தில் ரத்தம், வாந்தி, வீட்டில் இன்னொருவருக்கும் அதே நிலை என்றால் கிருமி. முதல் வகைக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. மாத்திரையோடு ஒரு பிஸ்கட், ஒரு வாழைப்பழம், அதிலும் அடங்காவிட்டால் டோஸைப் பிரிப்பதா குறைப்பதா, கூடவே லோப்பரமைடோ கிளைக்கோபைரோலேட்டோ சேர்ப்பதா என்று நரம்பியல் டாக்டர் முடிவு செய்வார். இரண்டாவது வகையிலும் பெரும்பாலானவற்றுக்குத் தேவை ஓஆர்எஸ்தான். எலெக்ட்ரால் பெரிய பாக்கெட் 21.8 கிராம், அதற்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். டெட்ரா பாக்கில் வரும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பிக் குடிக்காதீர்கள். ஆன்டிபயாடிக் வேண்டும் என்று டாக்டர் நினைத்தால் ஃப்ளோரோகுயினலோன் இல்லாத ஒன்றை அவரால் தேர்ந்தெடுக்க முடியும், மையஸ்தீனியா இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால்.

கூடுதல் மாத்திரையைச் சொந்த முடிவில் போடவே கூடாது. பல நரம்பியல் டாக்டர்கள் ஒரு நாளைக்கு 450 முதல் 480 மி.கிராமுக்கு மேல் போக விரும்புவதில்லை. அதற்கும் மேல் தேவைப்படுகிறது என்றால் வேறு சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். அளவு மிஞ்சினாலும் தசை சோரும். அப்போது வியர்வை, எச்சில், சுருங்கிய கண்மணி, குறைந்த நாடித்துடிப்பு கூடவே வரும். இதில் கடைக்காரர் கையில் ஒரு கண்ணி இருக்கிறது. கிராவிட்டர் 60 சாதாரண மாத்திரை; கிராவிட்டர் எஸ்ஆர் 180 மெதுவாகக் கரைவது. "கிராவிட்டர்" என்று மட்டும் கேட்டு வாங்கி, வழக்கம்போல் நாளைக்கு நாலு போட்டால் 240 போய் 720 ஆகிவிடும். எஸ்ஆர் மாத்திரையைப் பொடிப்பதோ மெல்லுவதோ கூடாது, மொத்தமும் ஒரேயடியாக வெளிவந்துவிடும். மும்பை ஈரத்தில் இந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பதும் சரியில்லை. ஈரம் இழுக்கும் சரக்கு. வேளைக்கு ஒன்றாக அட்டையிலிருந்தே எடுங்கள்.

மழை, மலேரியா, எலிக் காய்ச்சல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே மலேரியா மாத்திரை எழுதுவோர் உண்டு. வைவாக்ஸ் மலேரியாவுக்கு இங்கே வழக்கமான மருந்து குளோரோகுயின். அது மையஸ்தீனியாவைக் கிளறக்கூடியது. குயினைன் இன்னும் மோசம். சோதனையில் உறுதியான பிறகு, ஆர்ட்டிமிசினின் வகை மருந்து கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கடுமையான மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசிதான் இப்போது முதல் தேர்வு என்பதால் குயினைனுக்கான தேவையே அரிதாகிவிட்டது. உறுதியான மலேரியாவைச் சிகிச்சை இல்லாமல் விடுவது எந்த மாத்திரையையும்விட ஆபத்து, அதில் சந்தேகம் வேண்டாம்.

முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் எலிக் காய்ச்சல் தடுப்பு மருந்து எடுக்கச் சொல்லி மாநகராட்சி மழைக்காலத்தில் அறிவிக்கும். அந்த டாக்சிசைக்ளின் பொதுவாக மையஸ்தீனியாவோடு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டு விஷயம். விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். நேராக உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஸ்டீராய்டோடு கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர் அதை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் டாக்சிசைக்ளின் உடம்பில் சேராது.

பயம் செய்யும் கெடுதல்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு எல்லா மருந்தையும் மறுக்கத் தொடங்குவதும் நடக்கிறது. மும்பையில் காசநோய் சாதாரணம். மையஸ்தீனியாவுக்காகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரினோ சாப்பிடுபவருக்கு அது வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல். முதல் வரிசைக் காசநோய் மருந்துகள் நரம்பு-தசை இணைப்பைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அவற்றில் இருக்கும் ரிஃபாம்பிசின், பிரெட்னிசலோனைக் கல்லீரல் வேகமாக எரித்துத் தள்ளும்படி செய்துவிடும். ஸ்டீராய்டு அதே 20 மி.கி. போய்க்கொண்டிருக்கும், உடம்பில் நிற்பது அதைவிட மிகக் குறைவு. ஓரிரு வாரத்தில் இமை தொங்கும். காசநோய் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். செய்ய வேண்டியது ஸ்டீராய்டு அளவைத் திருத்துவது. ரிஃபாம்பிசின் முடிந்ததும் பழையபடி இறக்குவது. இரண்டு மருந்துகளுக்கு இடையிலான இந்த எதிர்வினை, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இருக்காது.

மருந்துக்கு அடங்காத காசநோயில் நிலைமை இன்னும் சிக்கல். லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் அங்கே முதுகெலும்பான மருந்துகள். பட்டியல் வேண்டாம் என்கிறது, நோயோ அதைத்தான் கேட்கிறது. இங்கேதான் பட்டியலைவிட வேறு ஒரு கேள்வி முக்கியமாகிறது: இந்த மருந்தை எங்கே, யார் கண்காணிப்பில் எடுக்கப்போகிறோம்? வீட்டில் தனியாக வேண்டாம் என்று சொல்ல வேண்டிய மருந்தை, கேஇஎம், சயான், நாயர் ஆஸ்பத்திரிகள் மாதிரி நரம்பியல் பிரிவும் ஐசியூவும் இருக்கும் இடத்தில், முதல் சில நாள் மூச்சை அளந்துகொண்டே கொடுக்க முடியும். 2020-இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலும் பெரும்பாலான மருந்துகளைப் பற்றி 'எச்சரிக்கையோடு', 'தேவைப்பட்டால் மட்டும்' என்றுதான் பேசுகிறது. முற்றிலும் தடை என்பது மிகச் சிலவற்றுக்கே.

மூச்சை அளப்பது என்றதும் கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுக்காதீர்கள். மூச்சுத் தசை சோரும்போது முதலில் ஏறுவது கரியமில வாயு. விரலில் மாட்டிய கருவி கடைசி வரை 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும், ஆள் ஓய்ந்துகொண்டிருப்பார். அதைவிட நம்பகமான கருவி குரல். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக இழுத்து, ஒரே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று சாதாரண வேகத்தில் எண்ணச் சொல்லுங்கள். நன்றாக இருப்பவர் 50 அளவில் போவார். நோயாளி உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். புதிய மருந்து தொடங்கினால், காய்ச்சல் வந்தால், காலையும் மாலையும் எண்ணுங்கள். எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 20-ஐத் தொட முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை, தலை நிற்கவில்லை, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறுகிறது என்றால் டிராஃபிக்கைப் பற்றி யோசிக்காமல் கிளம்ப வேண்டும்.

கணக்குப் பிழைகள்

ஸ்டீராய்டில் ஆபத்து பெரும்பாலும் எண்ணில் இருக்கிறது. பிரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம் மெத்தில்பிரெட்னிசலோன் 4, டெஃப்லாசகார்ட் 6. ஒன்று இல்லை என்று இன்னொன்றை 'அதே மி.கி.' கொடுத்தால் அளவு மாறிவிடும். பிரெட்னிசலோன் மாத்திரையான வைசலோன் 5, 10, 20, 40 என வருகிறது; 10-க்குப் பதில் 20 அட்டை கைக்கு வந்தால் ஒரு மாதம் இரட்டை டோஸ். திடீரென்று நிறுத்துவது இதைவிடக் கெடுதல். பெரிய டோஸில் புதிதாகத் தொடங்கும்போது முதல் இரண்டு வாரத்தில் மையஸ்தீனியா தற்காலிகமாக மோசமாவதும் உண்டு. ஆஸ்துமாவுக்கு என்று நெஞ்சு டாக்டர் அதிக டோஸ் ஸ்டீராய்டு எழுதினாலும் நரம்பியல் டாக்டருக்கு ஒரு போன் போக வேண்டும். அசதயோபிரின் சாப்பிடுபவருக்கு யூரிக் ஆசிட் ஏறிக் கட்டைவிரல் வீங்கினால் கொடுக்கும் அலோபியூரினாலும் ஃபெபக்சோஸ்டாட்டும், அசதயோபிரினை உடம்பிலேயே தேக்கி ரத்த அணுக்களைச் சரித்துவிடும். இது தசைக்குச் சம்பந்தமே இல்லாத ஆபத்து என்பதால் எலும்பு டாக்டரும் கவனிப்பதில்லை, பட்டியலும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வேறு சிக்கல். வார்டில் மருந்து வண்டி அதன் நேரத்துக்குத்தான் வரும். கேஸ் பேப்பரில் கிராவிட்டர் 'தினம் நான்கு வேளை' என்று எழுதினால், நர்ஸ் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று பிரித்துவிடுவார். நோயாளிக்கோ சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்பு மாத்திரை போனால்தான் மென்று விழுங்க முடியும். அதனால் '7, 11, 3, 7' என்று மணிக்கணக்கில் எழுதித்தரக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்ற உத்தரவில் இந்த மாத்திரையும் அடங்குமா என்பதை மயக்க டாக்டரிடமே நேராகக் கேளுங்கள், வார்டு பாயிடம் வேண்டாம். மூக்குக்குழாய் போட்டிருந்தால் எஸ்ஆர் மாத்திரை உதவாது, சாதாரண 60-க்கு மாற்ற வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவக் கார்டின் முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில், 'மையஸ்தீனியா: மக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கும் முன் நரம்பியல் பிரிவைக் கூப்பிடவும்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதவைக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும்போல் இருந்தால் லேபர் வார்டில் கை முதலில் போவது அந்த ஊசிக்குத்தான். ஊருக்கு ரயில் ஏறும்போது மாத்திரையைப் பெட்டியில் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளிவிடாமல், போகும் நாட்களுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் மெடிக்கலில் பைரிடோஸ்டிக்மின் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.